பழகிடும் என்றவர்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு மூன்றுக்கு மேல் வராது. அந்த மூன்றும் அவர் போடும் மாங்காய்த் தொக்கைப் பற்றியதாக இருக்கும். என் கணவரின் அக்கா அவர். பேரிகையில் பிறந்து, ஓசூரில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆட்சி செய்துவிட்டு, இப்போது மகனோடு பெங்களூரில் இருக்கிறார். அங்கே யாரை ஆட்டிவைக்கிறாரோ தெரியாது. நான் விசாரிப்பதில்லை.

அவரை நினைத்தால் முகத்துக்கும் முன்பாகச் சுருக்குப்பைதான் ஞாபகம் வருகிறது. அதற்குள் ஒரு குங்குமப் பொட்டலம், ஒரு பழைய பிளேடு, ஓர் உருண்டைக் கறுப்புக் கயிறு. உலகத்தில் எது கோளாறானாலும் அங்கே ஒரு கயிறு குறைகிறது என்பது அவர் முடிவு. போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால் மோட்டாருக்குக் கயிறு. மகன் கணக்கில் தோற்றால் கைக்குக் கயிறு. தக்காளி விலை விழுந்தபோது எதில் கட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தார். கடைசியில் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் அவர் வீட்டு டெம்போவின் பம்பரில் கட்டினார். விலை அடுத்த வாரமும் விழுந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் டெம்போவை முறைத்துப் பார்த்தானாம்.

கயிற்றால் விரட்ட முடியாததற்கு அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது: “பழகிடும்.” திண்டுக்கல் வெயிலிலிருந்து வந்து ஓசூர்க் குளிரில் பல் கிடுகிடுத்த எனக்கு, “பழகிடும்.” ராகிக் களி தொண்டையில் இறங்கவில்லை என்றால், “பழகிடும்.” போட்ட செருப்பு கடிக்கிறது என்றாலும், கட்டிய புருஷன் கடிக்கிறான் என்றாலும் அதே வார்த்தைதான். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, இவர் பிடித்த முயலுக்குக் காலே கிடையாது. அதுவும் பழகிவிட்டிருக்கும்.

எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்புக்குத் தாலியின் வயதுதான். பத்தொன்பது வயதில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்த மனிதரையே கட்டிக்கொண்டவள் நான். இவர்கள் வீட்டில் அதற்காக யாரும் வாணவேடிக்கை விடவில்லை. இருந்தாலும் கல்யாணத்தை முறைப்படி நடத்தினார்கள். தாலியில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டதும் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும். அது எங்கள் பக்கமும் உண்டு, இவர்கள் பக்கமும் உண்டு.

கெட்டிமேளம் முழங்கியது. என் கணவர் இரண்டு முடிச்சுப் போட்டார். மூன்றாவதுக்குக் கை வரவில்லை. “அக்கா எங்கடா?” என்று யாரோ கத்தினார்கள். பிறகு அவர்கள் சித்தி மகளைப் பிடித்துத் தள்ளி முடிச்சுப் போடவைத்தார்கள். திரும்பக் கூடாது என்று தெரிந்தும் திரும்பினேன். மண்டப வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில், தெருவைப் பார்த்தபடி என் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார்.

மேளம் ஓய்ந்த பிறகு உள்ளே வந்தார். முகம் கல் மாதிரி இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். தாலி முடிச்சுக்கு வராத கை கயிற்று முடிச்சுக்கு வந்தது. எங்கிருந்தோ வந்தவளுக்கு நான் முடிச்சுப் போட வேண்டுமா என்கிற திமிர் என்றுதான் எங்கள் அம்மாவும் சொன்னார், நானும் நினைத்தேன். அன்றைக்கே அவரை மனசுக்குள் தள்ளிவைத்துவிட்டேன்.

தள்ளிவைத்தவரைப் பார்க்கும் கண் வேறு. அவர் செய்வதெல்லாம் பகட்டாகத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அவர் வந்திருக்கும்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மிக்ஸி போட்டால் ஒரு துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, “தல வலிக்குது” என்று வாசலுக்குப் போய்விடுவார். ரசத்தை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். ஒரு கடுகு, ஒரு கறிவேப்பிலை நாக்கில் பட்டால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தன் வீட்டில் இருக்கும்போது ஜாக்கெட்டைத் திருப்பித்தான் போட்டுக்கொள்வார். தையலும் பிசிறும் வெளியே தெரியும். ஏன் அண்ணி என்று ஒருநாள் கேட்டேன்.

“நல்ல பக்கம் வெளுத்துடுமில்ல” என்றார்.

கஞ்சத்தனத்துக்கு இப்படி ஒரு காரணம் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை. கம்பெனியில் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லி எத்தனையோ நாள் சிரித்திருக்கிறோம்.

என் கணவர் சிப்காட் பக்கத்தில் ஒரு கொட்டகையில் இரண்டு லேத் மெஷின் வைத்து ஓட்டுகிறார். ஒருமுறை ஆபரேட்டர் ஒருவர் விரலைக் கிழித்துக்கொண்டார். மறுநாள் காலையில் என் நாத்தனார் சுருக்குப்பையோடு பட்டறைக்குப் போய், ஓடாமல் நின்ற மெஷினில், சுற்றுகிற பாகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். மெஷினைப் போட்டதும் கயிறு உள்ளே இழுத்துக்கொண்டு, வெட்டுகிற உளி முறிந்து, போட்டிருந்த வேலையும் பாழ். என் கணவர் கயிற்றை அறுத்துக் காலண்டர் ஆணியில் மாட்டினார். “மெஷின் மேல எதுவும் தொங்கக் கூடாதுக்கா” என்று மட்டும் சொன்னார். அந்த மெஷினை அடம்பிடிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு எங்களுக்குக் கனிஷ்கா பிறந்தாள். கனி என்று கூப்பிடுவோம்.

குழந்தை அழும்தான். ஆனால் இவள் அழுகை வேறு. எண்ணெய் தேய்க்கக் கை வைத்தால் அழுவாள். காற்றில் முந்தானை பட்டால் அழுவாள். குக்கர் விசிலுக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போவாள். முப்பதாம் நாள் அத்தை முறைக்கு என் நாத்தனார் வந்து இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டினார். அன்று தொடங்கிய அழுகை மூன்றாம் நாளும் ஓயவில்லை.

“யாரோ கண்ணு வெச்சுட்டாங்க” என்று சொல்லிக் காலில் ஒன்று கட்டினார். குழந்தை காலை உதைத்து உதைத்து அழுதது. “பயந்துகினு கீது” என்று வேப்பனப்பள்ளிப் பக்கம் போய்த் தாயத்து வாங்கிவந்து கழுத்தில் கட்டினார். தலையை இப்படியும் அப்படியும் தேய்த்து அழுதது. முதல் பிறந்தநாளுக்கு முத்துவைத்த வெள்ளிக் கொலுசு போட்டார். அதன் பிறகு நடக்கும்போதும் அழுதது. நடக்கப் பழகியபோது குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே நடந்தாள். “பாரு, டான்ஸ் ஆடறா” என்று பூரித்துப்போனார் அத்தை.

அழுதால் ஒரு கயிறு. கயிறு கட்டினால் இன்னும் அழுகை. இன்னும் அழுதால் இன்னொரு கயிறு. எரிகிற கொள்ளியில் எண்ணெயை ஊற்றிவிட்டு, ஏன் அணையவில்லை என்று இன்னும் ஊற்றுகிற கதை. மூன்று வயதில் அவள் இடுப்பில் இரண்டு, கழுத்தில் ஒன்று, இரண்டு கால்களிலும் கயிறும் கொலுசும். கட்டும்போதெல்லாம் என் நாத்தனார் கன்னடத்தில் “சும்னிரு, சும்னிரு” என்பார், சும்மா இரு என்று. பிறகு என்னைப் பார்த்து, “எல்லாம் அடம். கைய புடிம்மா, கெட்டியா புடி” என்பார்.

நான் பிடித்தேன். அவரைத் திட்டிக்கொண்டே இத்தனை எழுதுகிறேனே, குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது நான்தான். ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கனி சாக்ஸைப் போடவிடாமல் கத்தினாள். விரல் பக்கம் இருக்கும் தையல் கோட்டைக் காட்டிக் காட்டி அழுதாள். “எல்லாப் பிள்ளையும் போடுது, உனக்கு மட்டும் என்னடி?” என்று முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னை நானே காறித் துப்பாத குறை.

ப்ளே ஸ்கூலில் பாட்டுப் பெட்டி போட்டால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறாளாம். பாயில் உட்கார மாட்டாளாம். வரிசையில் யாராவது லேசாக உரசினால் அடித்துவிடுகிறாளாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: “ஜூன் மாசத்துக்குள்ள சரியாகலேன்னா எல்.கே.ஜி.க்கு வேற இடம் பாத்துக்கோங்க. மத்த பேரண்ட்ஸ் சண்டைக்கு வராங்க.” நான் கிளம்பும்போது, போனால் போகிறதென்று, கிருஷ்ணகிரியில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருவர் இருக்கிறார், காட்டிப் பாருங்கள் என்றும் சொன்னார்.

என் நாத்தனாருக்கு விஷயம் போனது. “படிப்பும் வேணாம், பயிற்சியும் வேணாம். குலசாமிக்கு மொட்ட பாக்கியிருக்குது. அதான் இப்பிடி. சித்திரையில மொட்ட அடிச்சுக் காது குத்தினா எல்லாம் சரியாப் பூடும்.” நாளும் குறித்துவிட்டார்.

நான் அவருக்குத் தெரியாமல் கனியைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கு என் வயதுகூட இருக்காது. அறையில் ஊஞ்சலும் பெரிய பந்துகளும் கனத்த மெத்தைகளும் இருந்தன. கனியை அவர் கொஞ்சவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை. பின்னால் உட்கார்ந்து இரண்டு தோளையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்தார். யார் தொட்டாலும் துள்ளுகிற என் மகள் அவர்மேல் அப்படியே சாய்ந்துகொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

“ஏன் அழறான்னு என்கிட்ட கேக்காதீங்க. எப்ப அழறான்னு எழுதிட்டு வாங்க. அப்ப என்ன சத்தம், என்ன வாசம், மேல என்ன பட்டுச்சு. பத்து நாள்” என்றார்.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. கம்பெனியில் ஒரு சர்க்யூட் போர்டு கெட்டுப்போனால் எந்த நேரம், எந்த மேஜை, யார் கை என்று குறித்துக்கொண்டே வருவோம். பத்து நாளில் கோளாறு தானாக முகம் காட்டும். இங்கேயும் காட்டியது. மிக்ஸி, அழுகை. கைதட்டல், அழுகை. பிறந்தநாள் வலைச்சட்டை, அழுகை. கனத்த போர்வைக்குள் சுருண்டிருந்தபோது அழுகை இல்லை. ஆறாம் நாள் கொலுசு இரண்டையும் கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கவைக்கும்போது இடது காலில் இருந்த பழைய கயிறு தானாக அறுந்து விழுந்தது. அத்தை அந்த வாரம் பேரிகையில் இருந்ததால் மறுகயிறு கட்ட ஆள் இல்லை. அன்று முழுக்க அவள் இடது கால் உதைக்கவில்லை. வலது கால் மட்டும் உதைத்தது. நோட்டில் அதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது.

பயிற்சிப் பெண் நோட்டைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “இது அடம் இல்லைங்க. கயிறு கட்டினா நமக்குக் கொஞ்ச நேரத்துல அது இருக்கறதே மறந்துடும். இவளுக்கு மறக்கறதில்ல. நாள் பூரா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். லேசாத் தொட்டா எரியும், அழுத்திப் பிடிச்சா நிம்மதியா இருக்கும். சத்தமும் அப்படித்தான், நமக்குக் கேக்கறதவிட அவளுக்கு அதிகமாக் கேக்குது.”

எங்கள் கம்பெனியில் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிக்கொண்டுதான் போர்டைத் தொட வேண்டும். நம் உடம்பில் இருக்கும் மின்சாரம் நமக்கு உறைக்காது, போர்டில் இருக்கும் அந்தச் சின்ன ‘சிப்’ சில்லுக்கு உறைக்கும், கெட்டுவிடும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதே பத்து வருஷமாக நம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சில்லுக்கு நான் கொடுத்த மரியாதையை என் வயிற்றில் பிறந்ததற்குக் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு நான் வைத்திருக்கும் சின்ன கட்டரை எடுத்துக் கனியை மடியில் அழுத்தி உட்காரவைத்து ஒவ்வொரு கயிறாக வெட்டினேன். இடுப்பில் கயிறு இருந்த இடம் கறுத்துத் தடித்திருந்தது. கடைசிக் கயிற்றை வெட்டும்போது என் நாத்தனார் உள்ளே வந்தார்.

“ஏம்மா, என்னா பண்ணிக்கினு இருக்கற?”

“அறுக்கறேன் அண்ணி.”

“சாமி கயித்தயா? நாளைக்குப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“பழகிடும்னு எத்தினி வாட்டி சொன்னேன்!”

“மூணு வருஷமாச்சு அண்ணி. இன்னும் பழகல.”

“எல்லாருக்கும் பழகும். ஏன், எனக்குப் பழகல?” என்று கேட்டுவிட்டு, தரையில் கிடந்த கயிறுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டது காதில் விழுந்தது. அதை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கனி தன் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. சாக்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போகிறாள், தையல் வெளியே தெரிய. இன்று இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறேன். அன்று அப்படி இல்லை. என் கணவர் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் மத்தளமானார். “கயிறு போனாப் போகுது. மொட்டை மட்டும் அக்கா ஆசப்படி நடக்கட்டும்” என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: மேளம் கூடாது. தலையில் கத்தி படுவதையும் காதில் ஊசி படுவதையும் அவள் தாங்குவாளோ என்னவோ, சத்தத்தோடு சேர்த்து நிச்சயம் தாங்க மாட்டாள். இத்தனை நாள் பயிற்சியில் அவள் ஏறிவந்த நாலு படியும் ஒரே நாளில் சரிந்துவிடும், ஜூனில் பள்ளிக்கூடமும் போய்விடும் என்று சொன்னேன். என் நாத்தனார் தலையாட்டினார்.

குலசாமி கோயில் பேரிகை தாண்டி ஒரு மாந்தோப்பின் ஓரம். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த என் தம்பி, தாய்மாமன் முறைக்குப் பாயில் சம்மணமிட்டு மடியைத் தயாராக வைத்திருந்தான். தலைக்குத் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில் கோயில் பின்பக்கமிருந்து மூன்று பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டே வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. “எங்க ஊட்டு மொட்ட, மேளம் இல்லாம நடந்தா ஊரு சிரிக்காது?” என்று அவர் முந்தின நாள் யாரிடமோ சொன்னதாகப் பிறகு தெரிந்தது. தலையாட்டியதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

நான் திரும்புவதற்குள் பாயில் கனி இல்லை.

அந்தக் கோயிலுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று உண்டு. நான் முதலில் அங்கேதான் ஓடினேன். குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பம்பைச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. தோப்புக்குள் ஓடினேன். மரத்தடியில் என் நாத்தனார் வீட்டு டெம்போ நின்றது. அந்தச் சித்திரை வெயிலில் கண்ணாடிகள் முழுக்க ஏற்றிவிடப்பட்டிருந்தன. உள்ளே ஆள் அசைவது தெரிந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். என் நாத்தனார் தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். மடியில் கனி, தன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு. அத்தையின் முழங்கை இரண்டும் அவளை இறுக்கி அணைத்திருந்தன. கதவு வழியாகச் சத்தம் உள்ளே போனதும் இரண்டு முகமும் ஒரே மாதிரி சுருங்கின.

“மேளம் வேணாம்னு சொன்னோமில்ல அண்ணி?”

“மேளம் இல்லாம ஒரு காரியம் பண்ண முடியுமா?”

“அப்ப நீங்க என்னத்துக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”

“தல வலிக்குது.”

“அத்தைக்குக் காது வலிக்குது” என்றாள் கனி.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. அத்தைக்குப் பழகிடுச்சு.”

கனி அண்ணாந்து அவர் காதிலிருந்த விரல்களைப் பார்த்தாள். “பழகல. காத மூடிக்கினு இருக்கீங்க.”

என் நாத்தனார் விரலை எடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் அந்தக் கல்யாண மண்டப வாசல் ஞாபகம் வந்தது. கெட்டிமேளம். செருப்புகளுக்கு நடுவில் தெருவைப் பார்த்து நின்ற முதுகு. குக்கர் விசில், வடிகட்டிய ரசம், திருப்பிப் போட்ட ஜாக்கெட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

“எங்க கல்யாணத்துல... மூணாவது முடிச்சுக்கு நீங்க வரல.”

“அந்த மேளத்துக்கிட்ட நின்னிருந்தா அங்கியே வாந்தி எடுத்திருப்பேன். மணவறையில வாந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் வெளிய பூட்டேன்.”

“யார்கிட்டயும் சொல்லல?”

“என்னான்னு சொல்றது? சின்னப் புள்ளையில எங்கம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு அறை வெச்சு இடுப்புல ஒரு கயிறு கட்டினாங்க. பழகிடும்னாங்க.”

இந்த இடத்தில் என் மனசு உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. கோபம்தான் இன்னும் கூடியது. தெரியாதவர் கட்டியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். அந்தக் கயிறு எப்படி அரிக்கும் என்று அந்த வட்டாரத்திலேயே தெரிந்த ஒரே ஆள் இவர். தெரிந்துகொண்டே என் மகளுக்குக் கட்டினார். தான் பட்டதை இன்னொருவர் படாவிட்டால் தான் பட்டதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்று நினைக்கிற மனிதர்கள் உண்டு. அவர்களை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

என் யோக்கியதையும் தெரிந்ததுதான். மகளுக்குப் பத்து நாள் நோட்டுப் போட்டுக் கண்டுபிடித்ததை, ஆறு வருஷம் கண்ணெதிரே நடமாடிய மனுஷியிடம் நான் பார்க்கவில்லை. அவர் என் குழந்தையை அடம் என்றார். நான் அவரைத் திமிர் என்றேன்.

என் நாத்தனார் கனியை என் கையில் கொடுத்துவிட்டு டெம்போவிலிருந்து இறங்கினார். தலையில் துண்டோடு, தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு, எதிர்க்காற்றில் நடப்பவர் மாதிரி அந்தச் சத்தத்துக்குள் நடந்துபோனார். கனியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பம்பைக்காரர்களுக்கு எதிரில் நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

“நிறுத்துங்கப்பா. போதும்.”

“ஏம்மா, நீதான வரச் சொன்ன?” என்றார் பெரியவர் ஒருவர். “மேளம் இல்லாம மொட்டையா?”

“நான்தான் இப்ப நிறுத்தச் சொல்றேன். புள்ளைக்கு இந்தச் சத்தம் ஆவல.”

அப்போதும் பாருங்கள், தனக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஐம்பது வருஷத்தை நாலு வயதுக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். சத்தம் நின்றுபோன தோப்பில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கனி காதிலிருந்து கையை எடுத்தாள்.

“அத்தைக்கும் ஆவல” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

என் நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.